மாமாவுக்கு இரண்டு நட்சத்திரம்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால், அதை ஏற்கெனவே வாங்கியவர்களின் கருத்துகளைப் படிக்கிறவன் பொருளைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்வதில்லை. மனிதர்களைப் பற்றித்தான் தெரிந்துகொள்கிறான். அதுவும் தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கும் அளவுக்கு.

எனக்குக் கல்யாணமான புதிது. நான் சேலம் சூரமங்கலத்துக்காரன். அப்பா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. நான் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் எடுத்தது திருச்செங்கோட்டில். மாமனார் ரிக் லாரி வைத்திருப்பவர். போர் போடுகிற வண்டி. வண்டிகளெல்லாம் வெளி மாநிலங்களில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும். மாமா இங்கே உட்கார்ந்து போனிலேயே அவற்றை ஓட்டிக்கொண்டிருப்பார். கீழே வண்டி நிறுத்தும் களம், அதை ஒட்டி ஆபீஸ், மேலே வீடு.

மாமா அதிகம் பேசமாட்டார். டிரைவர்களிடம் போனில் பேசுவதோடு அன்றைய பேச்சு தீர்ந்துவிடும். வீட்டாருக்கு "ம்" மட்டும்தான். அந்த "ம்"மில் சம்மதம் எது, கோபம் எது, பசி எது என்று என் மனைவி பூங்கொடிக்குத் தெரியும். எனக்கு எல்லாமே கோபமாகத்தான் கேட்கும். (இன்றும் அப்படித்தான்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவி வந்த என்னிடம் மாமா முழு வாக்கியம் ஒன்றைப் பேசினார்.

"மாப்ளே, ஊட்டுக்கும் ஆபீசுக்கும் சேத்தி ஒரு லேப்டாப் வாங்கோணுங்க. டவுன்ல நம்ம பழக்கக் கடையில சொன்னா ஆள் விட்டுக் குடுத்தனுப்புவாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசிருங்க."

நான் அந்த ஒரு வார்த்தையைப் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் பூங்கொடி முந்தின நாள்தான் என் காதில் ஒரு விஷயம் போட்டிருந்தாள். "எங்கப்பா ஆபீஸப் பூராவும் உங்க கையில குடுத்தர்லாமான்னு யோசன பண்ணிட்டு இருக்காருங்க. அம்மாகிட்டச் சொன்னாராமா. பாத்து நடந்துக்குங்க." சேலத்தில் பஸ் பிடித்து, ஜவுளிக் கம்பெனி முதலாளியிடம் திட்டு வாங்கி வாழ்ந்துகொண்டிருந்த எனக்கு, மாமாவின் ஆபீஸ் சுழல் நாற்காலி கண்ணுக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஆகவே நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்:

"கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்கக் கூடாதுங்க மாமா. அவர் விற்கிறவர். வாங்கினவங்க என்ன சொல்றாங்கன்னு பார்க்கணும். நெட்டுல ஆயிரம் பேர் கருத்து எழுதியிருப்பாங்க. எல்லாத்தையும் படிச்சுட்டு நானே ஆர்டர் போடறேன்."

"ம்" என்றார் மாமா.

படித்தேன். பஸ்ஸில் படித்தேன், ஆபீஸில் படித்தேன், மாதா கோயிலில் பூசைக்குப் போன இடத்தில் படித்து அப்பாவிடம் முறைப்பு வாங்கினேன். அந்தக் கருத்துகளை எழுதியவர்கள் யாராவது என்றைக்காவது என் கையில் கிடைத்தால் நிற்க வைத்துச் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். காரணம்: "கொண்டுவந்த தம்பி மரியாதையாகப் பேசினார்." இன்னொருவர் ஒரே ஒரு நட்சத்திரம். காரணம்: "அவர் வந்தபோது நான் வீட்டில் இல்லை." ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: "மகளுக்காக வாங்கினேன். அவள் பெங்களூரில் இருக்கிறாள். நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்." ஒருவர் பேட்டரியைப் பாராட்டித் தள்ளியிருந்தார். கீழே யாரோ "எவ்வளவு நேரம் நிற்கிறது?" என்று கேட்டதற்கு, "தெரியாது, எப்போதும் ஒயரைச் செருகித்தான் வைத்திருக்கிறேன்" என்று பதில். ஒரு மகானுபாவர் "அருமை, அருமை, அருமை" என்று எழுதிவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார். (ஓர் அருமைக்கு ஒன்று போலிருக்கிறது.)

இதையெல்லாம் படித்தும் எனக்குப் புத்தி வரவில்லை. மாறாக, இவர்களுக்கு நடுவில் விவரமானவர் ஒருவர் இருப்பார், அவரைக் கண்டுபிடித்தே தீருவது என்ற வெறி வந்தது. கண்டுபிடித்தேன். பத்தி பிரித்து, தலைப்புப் போட்டு, பள்ளிக்கூடக் கட்டுரைபோல ஒருவர் எழுதியிருந்தார். முடிவில், "வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒருங்கே ஏற்ற கணினி" என்று ஒரு வரி. மாமா கேட்ட அதே வார்த்தைகள்! கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக அதையே ஆர்டர் போட்டேன். மாமாவின் கம்பெனிப் பெயரில் பில் வேண்டும் என்பதால் அந்த நெட் கடையில் கணக்கை என் போனிலிருந்து அவர் பெயரிலேயே ஆரம்பித்தேன். வெறும் வட்டமாக இருந்தால் நன்றாக இல்லை என்று பூங்கொடி அதில் மாமாவின் படத்தையும் வைத்தாள். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, முறைப்பு.

லேப்டாப் வந்தது. வந்த நாளில் நன்றாகத்தான் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைக்கிற மாதிரி பொட்டு வைத்து ஆபீஸ் மேஜையில் வைத்தார்கள். ஒரு வாரம் போவதற்குள் அதன் சுயரூபம் தெரிந்தது.

காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். பேப்பரும் படிக்கலாம். விழித்ததும், உள்ளேயிருக்கும் ஃபேன் உறும ஆரம்பிக்கும். (களத்தில் பறக்கிற கல் தூசி அதற்குள் போனதும் ஒரு காரணம். கருத்து எழுதிய ஆயிரம் பேரில் ஒருவன்கூட ரிக் லாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதவில்லை.) கணக்கைத் திறந்தால் வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். பில் ஒன்றை பிரிண்ட் எடுக்கச் சொல்லிவிட்டு, இன்னொன்றைத் திறந்தால் இரண்டையும் விட்டுவிட்டு அப்படியே உறைந்து நிற்கும். அடிப்பக்கம் இஸ்திரிப் பெட்டி.

வீட்டிலும் ஆளுக்கொரு கருத்து. ஆபீஸில் பில் போடும் பெண் வேலையை விட்டு நிற்பதாக மிரட்டினாள். அத்தை மட்டும் முழுத் திருப்தியாக இருந்தார். "நல்ல சாமானுங்க மாப்ளே. இது மேல பால் குண்டாவ வெச்சு ஒற ஊத்தினா, மார்கழிப் பனியிலயும் தயிரு கல்லாட்டம் ஒறையுதுங்க." மாமா சொன்னது ஒன்றே ஒன்று. ஃபேன் உறுமிக்கொண்டிருந்தபோது ஆபீஸுக்குள் வந்தவர் நின்று கேட்டுவிட்டு, "நம்ம கம்ப்ரசர்கூட இத்தன சத்தம் போடாதுங்களே" என்றார். அதன் பிறகு சுழல் நாற்காலியைப் பற்றிப் பூங்கொடி பேச்செடுக்கவே இல்லை.

எரிச்சல் என்றால் அப்படியொரு எரிச்சல். லேப்டாப் மேல் பாதி, அந்தக் கட்டுரைக்காரர் மேல் மீதி. ஒரு ஞாயிறு மத்தியானம் அவசரமாக ஒரு கணக்கு அனுப்ப வேண்டியிருந்த நேரத்தில், அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளப் போவதாகவும் அணைக்க வேண்டாம் என்றும் அறிவித்துவிட்டு நீலமாக நின்றது. சரி, இனிமேல் வாங்குகிறவனாவது பிழைக்கட்டும் என்று என் போனை எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்தேன். நானும் கருத்து எழுதுவது என்று முடிவு. அதுவும் தமிழில். தமிழில் தட்டச்சு எனக்குத் தடவல் என்பதால், பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியைப் பயன்படுத்தினேன். முதலில் நட்சத்திரம் கேட்டது. ஒன்று கொடுத்தால் முன்கோபக்காரன் என்று நினைத்துவிடுவார்கள், இரண்டு கொடுத்தேன். மைக் படத்தைத் தொட்டேன்.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து பூங்கொடி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, ஆட்டையாம்பட்டிச் சித்தப்பா போன்ல இருக்காருங்க. அப்பா எப்புடி இருக்காருன்னு கேக்கறாரு."

"மாமா நல்லா இருக்கார்னு சொல்லு" என்று கத்தினேன்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, லேப்டாப்பைப் பற்றி மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். நடுவில் அவள் இன்னொரு தடவை எட்டிப் பார்த்து மாமாவின் சாப்பாட்டைப் பற்றி ஏதோ கேட்டாள், அதற்கும் பதில் சொன்னேன். முடிக்கும்போது உள்ளேயிருந்து 'டிங்' என்று சத்தம் கேட்டது. லேப்டாப் புதுப்பித்து முடித்துவிட்டது! எழுதினதைத் திரும்பப் படித்துப் பார்க்காமல் அனுப்பு என்பதை அமுக்கிவிட்டு ஓடினேன். அத்தோடு மறந்தும் போனேன்.

கொஞ்ச நாள் கழித்து மாமா புதிதாக ஒரு ரிக் வண்டி வாங்கினார். களத்தில் பூஜை. வண்டிக்கு வாழைமரம், மாலை, எலுமிச்சம்பழம். உறவு முழுக்க வந்திருந்தது. டிரைவர்கள், துளை போடும் பிட் மாட்டுகிறவர்கள், பக்கத்து வண்டிக்காரர்கள் என்று களம் நிறைந்திருந்தது. சூரமங்கலத்திலிருந்து என் அப்பா அம்மாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை முறுக்கோடு எல்லோருக்கும் கலர் சோடா கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பூஜை முடிந்து எல்லோரும் இட்லிக்குக் காத்திருந்த நேரம். மாமாவின் தம்பி, அதாவது ஆட்டையாம்பட்டிச் சின்ன மாமா, என்னைக் கூப்பிட்டார். விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்து காது மந்தம். யார் பேசினாலும் கத்திப் பேச வேண்டும், அவரும் கத்தித்தான் பேசுவார்.

"மாப்ளே! நானும் ஒரு லேப்டாப் வாங்கலாமுன்னு இருக்கறனுங்க! அண்ணன் ஊட்ல இருக்கற அதே மாடலு! நீங்க சொன்னீங்களாமா, வாங்கினவிய கருத்தப் படிச்சுட்டுத்தான் வாங்கோணும்னு!"

"ஆமாங்க மாமா" என்றேன் பெருமையாக. மாமாவும் பக்கத்தில்தான் இருந்தார். என் யோசனையை உறவில் ஒருவராவது மதிக்கிறார் என்பது அவர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"கண்ணாடி எடுத்தாரல! இருங்க, போனே படிச்சுச் சொல்லுமாமா, எம் பேத்தி காட்டிக் குடுத்திருக்கறா!"

சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்திருந்தார். போன் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து பேசுகிற பெண் குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல் படிக்க ஆரம்பித்தது. முதலில் மாமாவின் பெயர். அப்புறம், "ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்." அப்புறம் இது:

"மாமா நல்லா இருக்கார்னு சொல்லு. வெளியில பார்த்தா கம்பீரமா இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. காலையில எழுந்திருக்கவே அரை மணி நேரம் ஆகுது. எழுந்ததும் உறுமுது. எதைக் கேட்டாலும் பதிலே வராது. ஒரே நேரத்துல ரெண்டு வேலை சொன்னா அப்படியே நின்னுடுது. கொஞ்ச நேரத்துல சூடாயிடுது, கிட்டப் போக முடியல. ரொம்பக் கனம், வெளியூருக்குக் கூட்டிட்டுப் போக லாயக்கில்ல. சாப்பிட்டாரா? இன்னும் சாப்பிடலையா? சரி, சாப்பிடச் சொல்லு. வீட்டுக்கும் ஆகாது, தொழிலுக்கும் ஆகாது. தயவுசெய்து மாத்திக் கொடுங்க."

("தூக்கிட்டுப் போக" என்றுதான் நான் சொன்னேன். "கூட்டிட்டுப் போக" என்று எழுதிக்கொண்டது போனின் சொந்தச் சேவை.)

போனை வாங்கி அணைக்கலாம் என்று கையை நீட்டினேன். காது கேட்காத சின்ன மாமா, நான் இன்னும் சத்தம் வைக்கச் சொல்வதாக நினைத்து, "இதுக்கு மேல ஏறாதுங்க மாப்ளே!" என்றார்.

அது இன்னும் முடியவில்லை. கீழே கம்பெனிக்காரன் பதில் வேறு எழுதியிருந்தான். அதையும் அந்தக் குரல் விடாமல் படித்தது:

"அன்புள்ள வாடிக்கையாளரே, தாங்கள் குறிப்பிட்ட குறைகளுக்கு வருந்துகிறோம். எங்கள் பிரதிநிதி தங்கள் இல்லத்துக்கே வந்து பழையதைப் பெற்றுக்கொள்வார். கீறல், உடைசல் இல்லாமல் எல்லாப் பாகங்களோடும் ஒப்படைக்கவும். இக்கருத்து பயனுள்ளதாக இருந்தது என்று பலர் தெரிவித்துள்ளனர்."

வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அது தொற்றிக்கொண்டது. பிட் மாட்டுகிறவர்கள் குனிந்துகொண்டார்கள். என் அப்பா, ரயிலே வராத தண்டவாளத்தைப் பார்ப்பதுபோல எங்கோ பார்த்தார். அம்மா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, அது லேப்டாப்புங்க மாமா. லேப்டாப்பைத்தான் சொன்னேன். மைக் முன்னாடியே ஆன் ஆகி…"

பூங்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுடைய வருத்தம் வேறு. "எழுதறதுதான் எழுதுனீங்க. எங்கப்பாவ நின்னுடுது, உறுமுதுன்னா எழுதுவீங்க? உறுமறாருன்னு எழுத வாய் வரலீங்களா?"

"அது லேப்டாப் பூங்கொடி! லேப்டாப்புக்கு எப்படி மரியாதை கொடுக்கறது?"

"நாலு பேரு படிக்கற எடம். குடுத்தா என்னங்க கொறஞ்சா போயிரும்?"



அத்தனை பேரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். அந்தச் சந்தனப் பொட்டு, அந்த வெள்ளைச் சட்டை, போனில் இருந்த படத்தில் இருந்த அதே முறைப்பு. ரொம்ப நேரம் யோசித்தார். (வட்டம் சுற்றுகிற மாதிரியே இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அந்த நினைப்பு வந்ததை யாரிடமும் சொன்னதில்லை.) பிறகு கேட்டார்:

"ரொம்பக் கனமுன்னு எழுதியிருக்கறீங்களே மாப்ளே. எப்பத் தூக்கிப் பாத்தீங்க?"

அவ்வளவுதான். களமே வெடித்தது. டிரைவர்கள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மேலே ஓடினார். மாமா சிரிக்கவில்லை. "ம்" என்றுவிட்டு இட்லிக்குப் போனார். அது எந்த "ம்" என்று பூங்கொடியைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. "இத நான் கேட்டதேயில்லீங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு நான் திருச்செங்கோட்டுக்குப் போகவே பயந்தேன். பூங்கொடி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஆபீஸில் மாமாவுக்கு எதிரே, கணக்குக் காட்டப் போன மாணவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நடுவில் லேப்டாப் உறுமிக்கொண்டிருந்தது.

அப்போது வாசலில் ஒரு பைக் நின்றது. முதுகில் பெரிய பை மாட்டிய ஓர் ஆள் உள்ளே வந்தார். போனைப் பார்த்து மாமாவின் பெயரைப் படித்தார்.

"மாத்தித் தரச் சொல்லி எழுதியிருந்தீங்களாமுங்க. பழசு எங்கீங்க இருக்குது? எடுத்துட்டுப் போக வந்திருக்கறனுங்க."

நான் எழுந்து லேப்டாப்பை எடுப்பதற்குள், மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நாந்தானுங்க. ஒரு நிமிசம் இருங்க, சட்டையப் போட்டுட்டு வாரேன்."

அந்த ஆள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். மாமா மாடிப்படி வரைக்கும் போய்விட்டார். அங்கே நின்று திரும்பி, "கீறல் ஒண்ணு இருக்குதுங்க, முழங்கால்ல. சின்ன வயசுல கெணத்துல குதிச்சது. பரவால்லீங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்கு முன் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மேலேயிருந்து எட்டிப் பார்த்த பூங்கொடியும் அதிகம் பார்த்திருக்கமாட்டாள் போல, வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

லேப்டாப் போனது. அதற்குப் பதிலாகக் கம்பெனிக்காரன் அதே மாடலில் இன்னொன்றை அனுப்பி வைத்தான். அதுவும் அதே மாதிரி உறுமியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மாமா டவுன் கடைக்குப் போன் செய்து வேறொன்றை வரவழைத்துக்கொண்டார். ஆபீஸையும் என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டார்: "என்ன வேணாலும் பண்ணுங்க மாப்ளே. கருத்து மட்டும் எழுதாதீங்க."

அந்தக் கருத்தை நான் அழித்துவிட்டேன். ஆனால் சின்ன மாமாவின் பேத்தி அதற்கு முன்பே படம் பிடித்து உறவுக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டாள். புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் யாராவது ஒருவர் தவறாமல் அதைத் திரும்பப் போடுகிறார்கள். உறவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பந்தியில் மாப்பிள்ளையைத் தேடி வந்து, "எழுத ஆரம்பிச்சாச்சுங்களா?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

போன மாதம் மாமாவுக்குக் கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சின்ன வயதுக்காரர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க ஐயா, என்ன தொந்தரவு?" என்று கேட்டார்.

மாமா என் பக்கம் கையைக் காட்டினார்.

"அவரையே கேளுங்க சாமி. அத்தனையும் எழுதி வெச்சிருக்கறாரு."